ஐந்தாண்டுப் பூட்டு

ஒரே வகுப்பறை: அமெரிக்கப் பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை எதிர்த்த போராட்டத்தின் வரலாறு – 7

1954 மே 17 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று ஒருமனதாக அளித்த ‘பிரவுன்’ தீர்ப்பைச் சென்ற பகுதியில் பார்த்தோம். கன்சாஸ், தென் கரோலினா, டெலவேர், வர்ஜீனியா, தலைநகர் வாஷிங்டன் என ஐந்து இடங்களிலிருந்து வந்த வழக்குகளுக்கு அன்று விடை கிடைத்தது. மற்ற நான்கு இடங்களிலும் பெரியவர்கள் முன்நின்று வழக்குக்கு வித்திட்டார்கள். வர்ஜீனியாவில் மட்டும் பள்ளி மாணவர்களே அதைத் தொடங்கிவைத்தார்கள். வழக்கில் வென்ற பிறகு அந்த மாணவர்களின் ஊர் கொடுத்த விலையை அந்நாட்டின் வேறெந்த ஊரும் கொடுக்கவில்லை. ஐந்து கல்வியாண்டுகளாக அங்கே அரசுப் பள்ளிகளின் கதவுகள் மூடியே கிடந்தன. நான்கு ஆண்டுகள் ஊரின் கறுப்பினப் பிள்ளைகளுக்கு முறையான பள்ளி என்று எதுவுமே இல்லை.

தார்த்தாள் கொட்டகைகள்

வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கே புகையிலை விளையும் நிலப்பகுதியில் இருக்கிறது பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). அதன் தலைமையிடம் ஃபார்ம்வில் என்ற சிறுநகரம். அங்கே 1939-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி கட்டப்பட்டது. சுமார் 180 பேர் படிக்கலாம் என்று கணக்கிட்டுக் கட்டிய அந்தப் பள்ளியில் 1951-ல் 450 பேருக்கு மேல் படித்தார்கள்.

இடம் போதவில்லை என்று பெற்றோர் மீண்டும் மீண்டும் முறையிட்டார்கள். 1948-ல் பள்ளி வாரியம் ஒரு ‘தற்காலிக’ ஏற்பாடு செய்தது. மரச்சட்டங்களின் மேல் தார்த்தாள் அடித்த கொட்டகைகளைப் பள்ளி வளாகத்தில் நிறுத்தியது. கோழிக்கூடு என்று ஊரார் அவற்றைச் சொன்னார்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு கொட்டகையிலும் ஓர் இரும்பு அடுப்பு எரியும். அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அனல் தாங்காது. தள்ளி உட்கார்ந்தவர்கள் மேலங்கியைக் கழற்றாமல் நடுங்கிக்கொண்டே படித்தார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும், சில நாட்களில் வகுப்புக்குள்ளேயே குடை விரிக்க வேண்டியிருந்தது. உடற்பயிற்சிக் கூடம், உணவுக்கூடம், அறிவியல் ஆய்வகம் எதுவும் கிடையாது. அதே ஊரில் வெள்ளைப் பிள்ளைகள் படித்த ஃபார்ம்வில் உயர்நிலைப் பள்ளியில் இவை எல்லாமே இருந்தன.

புதிய பள்ளி எப்போது வரும் என்று கேட்ட ஒவ்வொரு முறையும், பார்த்துக்கொண்டிருக்கிறோம், இடம் தேடுகிறோம், பொறுத்திருங்கள் என்றே பதில் வந்தது. இந்தப் பதிலை நாம் மறக்கக் கூடாது. கவுண்டி அலுவலகத்திலிருந்து உச்சநீதிமன்றம் வரை, கறுப்பினப் பிள்ளைகளுக்கு அடுத்த பதின்மூன்று ஆண்டுகளும் வெவ்வேறு வாசகங்களில் கிடைத்த பதில் இதுதான்.

பதினாறு வயதுத் தலைவி

பார்பரா ரோஸ் ஜான்ஸுக்கு அப்போது வயது 16. ஒருநாள் காலை பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றிருந்தார். வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து, இருக்கைகள் பாதி காலியாக, அவரைத் தாண்டிப் போனது. பள்ளியின் நிலை பற்றி அவர் இசை ஆசிரியை இனெஸ் டேவன்போர்ட்டிடம் குறைப்பட்டுக்கொண்டபோது, நீயே ஏன் ஏதாவது செய்யக் கூடாது என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். பார்பரா அந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்பகமான சில மாணவர்களை, கேரி ஸ்டோக்ஸ், ஜான் ஸ்டோக்ஸ் போன்றவர்களை, ஒவ்வொருவராகச் சேர்த்தார். பெற்றோருக்குக்கூடத் தெரியாமல் மாதக்கணக்கில் திட்டமிட்டார்கள்.

1951 ஏப்ரல் 23, திங்கட்கிழமை. தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸுக்குத் தொலைபேசி வந்தது. ஊர்ப் பேருந்து நிலையத்தில் உங்கள் மாணவர்கள் வம்பில் மாட்டிக்கொண்டார்கள், உடனே வாருங்கள் என்றது குரல். அவர் கிளம்பியதும், எல்லா மாணவர்களையும் அரங்கத்துக்கு அழைத்து வரும்படி அவர் எழுதியதைப் போன்ற குறிப்புகள் வகுப்புகளுக்குப் போயின. அரங்கம் நிறைந்தது. திரை விலகியபோது மேடையில் தலைமையாசிரியர் இல்லை, பார்பரா நின்றுகொண்டிருந்தார். ஆசிரியர்களை வெளியே போகும்படி கேட்டுக்கொண்டார். தலைமையாசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் பங்கில்லை என்று ஆகவேண்டும், அவர்கள் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்பது மாணவர்களின் எண்ணம். பிறகு பார்பரா பேசினார். நமக்கு நல்ல பள்ளி கிடைக்கும் வரை வகுப்புக்குத் திரும்பமாட்டோம் என்றார். மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். பெற்றோரைச் சிறையில் போடுவோம் என்ற மிரட்டல் வந்தது. இத்தனை பேருக்கு ஊர்ச் சிறையில் இடமேது என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்டார்கள்.

அன்றே பார்பராவும் கேரியும் ரிச்மண்டில் இருந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லுக்கும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனுக்கும் கடிதம் எழுதினார்கள். இருவரும் கறுப்பின உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பின் வழக்கறிஞர்கள். ஹில், அவ்வமைப்பின் தலைமை வழக்கறிஞர் துர்குட் மார்ஷலின் சட்டக் கல்லூரித் தோழர். வேறொரு வழக்குக்காக அந்தப் பக்கம் வந்த அவர்கள், ஏப்ரல் 25 அன்று ஃபார்ம்வில்லில் இறங்கினார்கள். பிள்ளைகளைச் சமாதானப்படுத்திப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்து வந்தார்கள். முதல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் காத்திருந்த மாணவர்களின் உறுதியைக் கண்டதும் அந்த எண்ணம் போய்விட்டது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நல்ல கட்டடம் கேட்டு வழக்குப் போடமாட்டோம், பிள்ளைகளைப் பிரித்துவைப்பதே தவறு என்று போடுவோம், சம்மதமா?

கொட்டகைக்குப் பதில் கட்டடம் கேட்டு எழுந்த போராட்டம் அங்கே வேறொன்றாக மாறியது. மே 3 அன்று தேவாலயத்தில் கூடிய ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்புக் குரலும் எழுந்தது. ஆனால் பெரும்பாலோர் பிள்ளைகளின் பக்கம் நின்றார்கள். அத்தேவாலயத்தின் போதகர் எல். பிரான்சிஸ் கிரிஃபின் போராட்டத்தின் தூணாக நின்றார். மே 7 அன்று மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். மே 23 அன்று 117 மாணவர்களின் பெயரில் வழக்குத் தாக்கலானது. பட்டியலில் முதல் பெயர் ஒன்பதாம் வகுப்பு மாணவி டோரதி டேவிஸ் என்பதால் ‘டேவிஸ் வழக்கு’ என்று அது அறியப்பட்டது.

தலைமையாசிரியர் ஜோன்ஸின் வேலை போயிற்று. ஊரில் பார்பராவுக்குப் பாதுகாப்பில்லை என்று அஞ்சிய பெற்றோர், அவரை அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் இருந்த தந்தையின் சகோதரர் வெர்னன் ஜான்ஸிடம் அனுப்பிவைத்தார்கள். டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தின் போதகராக இருந்த அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங்.

தேதி குறிக்காத தீர்ப்பு

1952-ல் ரிச்மண்டில் மூன்று நீதிபதிகள் வழக்கை விசாரித்தார்கள். பிரித்துவைப்பது கறுப்பினக் குழந்தைகளின் மனத்தைக் காயப்படுத்துகிறது என்று உளவியலாளர் கென்னத் கிளார்க் சாட்சி சொன்னார். அதை மறுக்க அரசுத் தரப்பு கொண்டுவந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி காரெட், கிளார்க்குக்கே பாடம் சொன்ன ஆசிரியர். நீதிபதிகள் பிரிவினை செல்லும் என்றார்கள், வசதிகளை மட்டும் சமப்படுத்தச் சொன்னார்கள். அதுவரை இடம் தேடிக்கொண்டிருந்த வாரியத்துக்கு, மாணவர்கள் போராடிய பிறகு இடம் கிடைத்திருந்தது. 1953-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதிய மோட்டன் பள்ளி எழுந்துவிட்டது. பிரிவினையைக் காப்பாற்ற எவ்வளவும் செலவழிக்கத் தயாராக இருந்தார்கள்.

மேல்முறையீட்டில் பிரவுன் தீர்ப்பு வந்தது. பிரித்துவைத்த பள்ளிகள் இயல்பிலேயே சமமற்றவை என்றார் தலைமை நீதிபதி எர்ல் வாரன். ஆனால் எப்போது, எப்படி மாற்றுவது என்பதை நீதிமன்றம் அன்று சொல்லவில்லை. ஓராண்டு கழித்து, 1955 மே 31 அன்று, அதற்கும் விடை சொன்னது. தேதி குறிக்கவில்லை. உள்ளூர் நிலைமைகளைக் கருத்தில் கொண்டு, நிதானமும் விரைவும் சேர்ந்த வேகத்தில் மாற்றுங்கள் என்று கீழ்நீதிமன்றங்களின் பொறுப்பில் விட்டது.

தென்மாநில அரசியல்வாதிகள் இதில் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் அரசியலைப் பல பத்தாண்டுகள் தன் கைக்குள் வைத்திருந்த செனட்டர் ஹாரி பைர்ட், 1956 பிப்ரவரியில் ‘மாபெரும் எதிர்ப்பு’க்கு அறைகூவல் விடுத்தார். மார்ச் மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும் 101 தென்மாநில உறுப்பினர்கள் பிரவுன் தீர்ப்பை எதிர்த்து அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நீதிமன்ற ஆணைப்படி ஒரு பள்ளியில் வெள்ளை, கறுப்புப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் நிலை வந்தால், ஆளுநர் அந்தப் பள்ளியையே மூடிவிட வர்ஜீனியா சட்டம் இயற்றியது.

1958 செப்டம்பரில் ஆளுநர் லிண்ட்சே ஆல்மண்ட் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தினார். ஃபிரண்ட் ராயல், சார்லட்ஸ்வில், நார்ஃபோக் நகரங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. ஏறக்குறைய 13,000 பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பிள்ளைகள். அதனால் எதிர்ப்பும் சீக்கிரம் வந்தது. 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்சநீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரே நாளில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கின. பிப்ரவரி 2 அன்று நார்ஃபோக்கிலும் ஆர்லிங்டனிலும் கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிகளுக்குள் நுழைந்தார்கள். மாநில அளவில் எதிர்ப்பு உடைந்துவிட்டது. பிரின்ஸ் எட்வர்டு மட்டும் உடையவில்லை.

பணத்தை நிறுத்தினார்கள்

1959 மே மாதம் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இனியும் காலம் தரமுடியாது என்றது. செப்டம்பரில் ஃபார்ம்வில் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஜூன் மாதம் கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு கூடியது. ஆணையை மீறுவதாக அவர்கள் எங்கும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பள்ளிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். பணமில்லாமல் பள்ளி நடக்காது. பள்ளி நடக்காவிட்டால் யாரையும் சேர்க்க வேண்டியதில்லை. கவுண்டியின் எல்லா அரசுப் பள்ளிகளும் செப்டம்பரில் திறக்கப்படாமல் பூட்டியே கிடந்தன.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடு முன்பே தயாராக இருந்தது. 1955-லேயே இதற்கென அறக்கட்டளை ஒன்று அமைத்து நிதி சேர்த்துவைத்திருந்தார்கள். தேவாலயங்களிலும் காலிக் கட்டடங்களிலும் பிரின்ஸ் எட்வர்டு அகாடமி என்ற தனியார் பள்ளி தொடங்கியது. ஏறக்குறைய 1,500 வெள்ளைப் பிள்ளைகள் அங்கே போனார்கள். அரசுப் பள்ளியில் வேலையிழந்த வெள்ளை ஆசிரியர்களில் பெரும்பாலோர் அங்கேயே பாடம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து மாநிலக் கல்வி உதவித்தொகையும் கவுண்டியின் வரிச்சலுகையும் அந்தப் பள்ளிக்குத் தோள் கொடுத்தன. பொதுப்பணம் பொதுப்பள்ளிக்கு இல்லை என்றவர்கள், அதே பணம் தனியார் பள்ளிக்குப் போவதில் குறை காணவில்லை. கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளைக் குடும்பங்கள் சிலவற்றின் பிள்ளைகளும் படிப்பை இழந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. அவர்களின் பெற்றோர் கவுண்டிக்கு வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். உங்களுக்கும் ஒரு தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் தரப்பிலிருந்து ஒரு திட்டம் வந்தது. அதற்கு வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. பிள்ளைகளின் படிப்பு கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருந்தபோதும், அதை ஏற்றால் அரசுப் பள்ளி மீதுள்ள உரிமையைக் கைவிட்டதாகும் என்று அந்தப் பெற்றோர் உணர்ந்தார்கள். இந்த வரலாற்றில் நான் தலைவணங்கும் முடிவுகளில் இது முதன்மையானது.

பள்ளியில்லாத பிள்ளைகள்

போதகர் கிரிஃபினும் ஊர்ப் பெண்களும் தேவாலயங்களின் அடித்தளங்களில் பயிற்சி மையங்களை நடத்தினார்கள். வேண்டுமென்றே அவற்றைப் பள்ளி என்று சொல்லவில்லை. சொன்னால், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறதே என்று நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வாதிட்டுவிடும்.

உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் இருந்தவர்கள் முதலில் வெளியே அனுப்பப்பட்டார்கள். அறுபது பேருக்கு மேல் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரியில் சேர்ந்தார்கள். குவேக்கர் சமயத்தாரின் தொண்டு அமைப்பு, வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களின் வீடுகளில் பல பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்க வைத்தது. சில பெற்றோர் பக்கத்துக் கவுண்டியில் பெயருக்கு ஒரு வாடகை வீடு பிடித்து, அங்கே குடியிருப்பதாகக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். உறவினர் வீடுகளுக்குப் போனவர்கள் உண்டு. அதனால் குடும்பங்கள் பிரிந்தன. ஒரே வீட்டில் மூத்தவனை அனுப்பிவிட்டு, இளையவளை அனுப்ப வழியில்லாமல் வைத்துக்கொண்ட பெற்றோர் இருந்தார்கள்.

எங்கும் போக முடியாதவர்களே மிகுதி. வளர்ந்த பிள்ளைகள் புகையிலை வயல்களுக்கு வேலைக்குப் போனார்கள். சிறியவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 1959-ல் ஆறு வயதானவர்கள் முதல் வகுப்பைப் பார்க்காமலே பத்து வயதைத் தொட்டார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிரீன் குழு அங்கு வந்து ஆராய்ந்தபோது, பள்ளி கிடைக்காத பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் தம் வயதொத்தவர்களைவிட வெகுவாகப் பின்தங்கியிருப்பதைக் கண்டது.

இத்தனைக்கும் வழக்கு நின்றுவிடவில்லை, நடந்துகொண்டுதான் இருந்தது. மாநில நீதிமன்றத்துக்கும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாய்தாவிலும் ஒரு பிள்ளையின் ஒரு வகுப்பு போயிற்று. தாமதத்தால் கவுண்டிக்கு நட்டம் எதுவுமில்லை, லாபம் மட்டுமே. அதனால்தான் தாமதமே அவர்களின் ஆயுதமாயிற்று.

வழக்கு முடிந்த ஆண்டு

1963 மார்ச்சில் லூயிவில் நகரில் பேசிய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, இலவசப் பொதுக்கல்வி தராத இடங்கள் என்று கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் ஆகியவற்றை அடுக்கி, அந்த வரிசையில் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியையும் சேர்த்தார். அந்தக் கோடையில் ஃபார்ம்வில்லின் கறுப்பின இளைஞர்கள் தெருவில் இறங்கி மறியல் செய்தார்கள். பலர் கைதானார்கள்.

கென்னடி அரசின் முயற்சியால், நன்கொடையாளர்களின் பணத்தில் ‘இலவசப் பள்ளிகள்’ என்ற தற்காலிக அமைப்பு உருவானது. முன்னாள் ஆளுநர் கோல்கேட் டார்டன் அதற்குத் தலைமை ஏற்றார். நியூயார்க்கிலிருந்து வந்த நீல் சல்லிவன் கண்காணிப்பாளரானார். பூட்டிக் கிடந்த அரசுப் பள்ளிக் கட்டடங்கள் 1963 செப்டம்பர் 16 அன்று திறந்தன. முந்தைய நாள்தான் பர்மிங்காம் தேவாலயத்தில் வெடிகுண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியாகியிருந்தார்கள். ஃபார்ம்வில்லில் 1,500 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள், வெள்ளைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவே. வயதுக்கேற்ற வகுப்பு என்று பிரிக்க வழியில்லை. எழுத்தறியாத பெரிய பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் வகுப்பு எண்களை விட்டுவிட்டு, அவரவர் கற்றிருக்கும் அளவைப் பார்த்துக் குழுக்களாகச் சேர்த்தார்கள்.

1964 மே 25 அன்று உச்சநீதிமன்றம் ‘கிரிஃபின் வழக்கில்’ தீர்ப்பளித்தது. போதகர் கிரிஃபினின் பிள்ளைகள் அந்த வழக்கின் மனுதாரர்கள். நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பு தெளிவாக இருந்தது. மாநிலத்தின் மற்ற கவுண்டிகளில் பள்ளிகள் இயங்கும்போது, இனத்தைக் காரணமாகக் கொண்டு இங்கு மட்டும் மூடுவது சமநீதிக்கு எதிரானது. தேவைப்பட்டால் பள்ளிக்காக வரி விதிக்கும்படி கவுண்டிக்கு நீதிமன்றமே ஆணையிடலாம். 1955-ல் கொடுத்த நிதான வேகத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்றும் பிளாக் எழுதினார்.

அதற்குப் பிறகும் மேற்பார்வையாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்த ஆகஸ்டில் ஓர் இரவு கூடி, அகாடமிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஏறக்குறைய 1,80,000 டாலர் உதவித்தொகைக் காசோலைகளை வழங்கினார்கள். நீதிமன்றம் தடுப்பதற்குள், விடிந்ததும் விடியாததுமாக அவை பணமாகிவிட்டன. இதற்காகக் கூட்டாட்சி நீதிமன்றம் 1966-ல் அவர்களை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 1964 செப்டம்பரில் அரசுப் பள்ளிகள் திறந்தன. வெள்ளைக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை பல ஆண்டுகளுக்கு அகாடமியிலேயே பிள்ளைகளை வைத்திருந்தன.

கணக்கு

2003-ல் வர்ஜீனியா சட்டமன்றம் பள்ளிகளை மூடியதற்கு வருத்தம் தெரிவித்தது. அந்த ஆண்டு, நடுவயது தாண்டிவிட்ட முன்னாள் மாணவர்களுக்குக் கௌரவப் பள்ளிச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, படிப்பை இழந்தவர்கள் மீண்டும் படிக்க உதவித்தொகைத் திட்டம் வந்தது. பழைய மோட்டன் பள்ளிக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். நூலகராகப் பணியாற்றி 1991-ல் மறைந்த பார்பராவின் சிலையை, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி ராபர்ட் லீ சிலைக்குப் பதிலாக நிறுவ மாநிலக் குழு தேர்ந்தெடுத்தது. லீயின் சிலை 2020 டிசம்பரில் அங்கிருந்து அகற்றப்பட்டது.

இந்த மரியாதைகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் அவற்றில் எதுவும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஏழு வயதைத் திருப்பித் தரவில்லை. பிரவுன் தீர்ப்பைப் போற்றி எழுதுபவர்கள் 1954-ஐச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பிரின்ஸ் எட்வர்டின் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு 1964-ல்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதில் ஃபார்ம்வில்லின் மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் பங்கில்லை. உரிமை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதை எப்போது தருவது என்பதை மறுப்பவர்களின் கையிலேயே விட்டுவைத்த 1955-ஆம் ஆண்டு ஆணைக்கும் பங்குண்டு. ஒரு பிள்ளையின் உரிமையை அறிவிக்கும் நீதிமன்றம் அதற்கு நாளும் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளி வயதைக் கடந்துவிடும், வழக்கு மட்டும் வெல்லும்.

தெற்கு முழுவதற்கும் இது பொருந்தும். 1963-64 கல்வியாண்டில் பழைய கூட்டமைப்பு மாநிலங்கள் பதினொன்றிலும், வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பூட்டுப் போடுவது இனி செல்லாது என்று தெரிந்ததும் மற்ற கவுண்டிகள் வேறு வழி கண்டுபிடித்தன. யார் எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போகலாம், விருப்பம் உங்களுடையது என்று படிவத்தை நீட்டின. கேட்க நியாயமாகத் தோன்றும் அந்த ஏற்பாட்டுக்குள் பழைய பிரிவினை எப்படி அப்படியே பிழைத்துக் கிடந்தது, அதே வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டியிலிருந்து கிளம்பிய வழக்கு 1968-ல் அதை எப்படி உடைத்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)